‘எம் புரதம்’ இருந்தால் ரத்தப் புற்றுநோயா?

கேள்வி: எனக்கு வயது 62. பாதங்களில் மதமதப்பு இருந்ததால் ரத்தப் பரிசோதனை செய்தேன். ஐ.ஜி.ஜி. என்ற நோய் எதிர்ப்புப் புரத வகையைச் சேர்ந்த ‘எம் புரதம்’ டெசிலிட்டருக்கு 0.8 கிராம் உள்ளது. லைட் செயின் (எதிர்ப்புப் புரதத்தின் சிறு கூறு) விகிதம் இயல்பு. ‘எம்.ஜி.யு.எஸ்.’ என்கிறார் மருத்துவர். சிகிச்சை வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். என் தாய் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயால் இறந்தவர். எனக்கும் அதுதானா?

பதில்: தாயை அந்த நோய்க்குப் பறிகொடுத்த உங்களுக்கு இந்த அச்சம் வருவது இயல்பே. ஆனால், உங்களுக்கு இப்போது இருப்பது புற்றுநோய் அன்று. மைலோமாவுக்கு முந்தைய நிலை. அதைத்தான் எம்.ஜி.யு.எஸ். என்கிறோம். ரத்தப் புரதங்களை வகை பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரேசிஸ் அறிக்கையிலுள்ள வரைபடத்தைப் பாருங்கள். வலது ஓரத்தில் தாழ்ந்த மேடுபோல் இருக்கவேண்டிய காமா பகுதியில் ஊசிமுனைபோல் ஒரு கோடு எழுந்து நிற்கும். எலும்பு மஜ்ஜையில் நோய் எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கும் பிளாஸ்மா செல்களில் ஒரே ஒரு வம்சம் மட்டும் பெருகி, ஒரே வகைப் புரதத்தை, அதாவது ‘எம் புரத’த்தை, சுரப்பதன் அடையாளம் அது.

ஐம்பது வயதைக் கடந்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இந்நிலை இருக்கிறது. வயது, ஆணாக இருத்தல், உடல்பருமன், சில பூச்சிக்கொல்லிகளுடனான நீண்டகாலத் தொடர்பு ஆகியவை இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ மைலோமா இருந்தால் அது சுமார் இரண்டு, மூன்று மடங்காகிறது. ஆயினும், எம்.ஜி.யு.எஸ். உள்ளவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் பேருக்கே மைலோமா போன்ற நோயாக முற்றுகிறது. புரதம் 1.5 கிராமுக்குக் குறைவு, ஐ.ஜி.ஜி. வகை, இயல்பான லைட் செயின் விகிதம் ஆகிய மூன்றும் உங்களுக்குச் சாதகமாக இருக்கின்றன. இப்படிப்பட்டவர்களில் 20 ஆண்டுகளில் 100 பேரில் 5 பேருக்கே முற்றுகிறது.

புற்றுநோய் இல்லை என்பதால் இதனால் தொல்லையே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது என்பதையும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எலும்பு முறிவு, தொற்று, ரத்தக்கட்டு ஆகியவற்றின் வாய்ப்பு இவர்களுக்குச் சற்று அதிகம். சிலருக்கு இந்தப் புரதமே சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கும். நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் ஐ.ஜி.எம். வகையில்தான் காணப்படுவதால், உங்கள் மதமதப்புக்கு முதலில் நீரிழிவும் வைட்டமின் பி12 குறைபாடும் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். அவை இல்லையெனில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்பதையும் சோதியுங்கள்.

ஆறாவது மாதப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ஹீமோகுளோபின், கால்சியம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றையும் அப்போது பார்ப்பார்கள். முடிந்தவரை அதே ஆய்வகத்தில் செய்து, பழைய அறிக்கையையும் உடன் கொண்டு செல்லுங்கள். இடையே விடாத முதுகுவலி, காரணமற்ற சோர்வு, எடைக்குறைவு, அடிக்கடி காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் அதுவரை காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.