காரவெல் விமானத்தின் என்ஜின்கள் ஏன் வாலருகே இருந்தன?

1960களில் இந்தியன் ஏர்லைன்ஸும் பறக்கவிட்ட காரவெல்லின் படத்தைப் பார்த்துவிட்டு, "இறக்கையில் என்ஜினே இல்லையே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரான்சில் விமானத் தொழில் நாட்டுடைமையானபோது உருவான அரசு நிறுவனங்களில் ஒன்று சூத்-எஸ்த். துலூஸில் இயங்கிய அந்த நிறுவனத்தின் படைப்புதான் காரவெல். முதலில் அவர்கள் யோசித்தது மூன்று பிரெஞ்சு என்ஜின்களை வாலருகே வைப்பதை. பிறகு அதிக வலுவுள்ள ரோல்ஸ் ராய்ஸ் ஏவான் என்ஜின் கிடைக்கவே, இரண்டே போதும் என்று மூன்றாவதை விட்டுவிட்டார்கள். மற்ற இரண்டும் வாலருகிலேயே தங்கிவிட்டன!

பலன் நிறைய. இறக்கையில் இடையூறு இல்லாததால் காற்று சீராகப் பாயும். ஒரு என்ஜின் நின்றாலும், மற்றது நடு அச்சுக்கு அருகில் இருப்பதால் விமானம் பக்கவாட்டில் அதிகம் இழுக்காது. முன்வரிசைப் பயணிகளுக்கு இரைச்சலும் குறைவு. கடைசி வரிசைக்காரர்கள் பாவம்தான். எடை பின்னால் குவிவதும், எரிபொருள் குழாய்களை உடற்பகுதி வழியே கொண்டுபோக வேண்டியிருப்பதும் இதற்குக் கொடுத்த விலை.

மூக்குப் பகுதி வடிவத்தைப் பிரிட்டனின் காமெட் விமானத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். முக்கோணச் சன்னல்கள் மட்டும் சொந்தக் கைவரிசை. 1955 மே 27இல் முதல் பறப்பு. 1959இல் பயணிகள் சேவை. பின்னால் வந்த அமெரிக்க டிசி-9 விமானமும் இதே என்ஜின் அமைப்பைத்தான் பின்பற்றியது.

காரவெல்லைச் செய்த சூத்-எஸ்த் நிறுவனம் அதே 1955இல்தான் அலுவெத் 2 ஹெலிகாப்டரையும் பறக்கவிட்டது. என்னைக் கேட்டால், காரவெல்லைவிட அதுதான் பெரிய சாதனை.