‘இதர வருமானம்’ யாருடையது?

கேள்வி: நான் திருச்சியில் வசிக்கிறேன். வயது 41. கணவர் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் சூப்பர்வைசர். கைக்கு வருவது 46,000. நான் நர்சரி பள்ளி டீச்சர், 11,000. இதர வருமானம் 12,200. ஆக வரவு 69,200. செலவு: வீட்டுக் கடன் தவணை 17,500, இரண்டு பிள்ளைகளின் ஃபீஸுக்கு எடுத்து வைப்பது 9,000, டியூஷன் 3,000, மளிகை 9,000, காய்கறி, மீன் 4,000, பால் 2,700, கேஸ், கரண்ட் 2,000, பெட்ரோல் 4,500, போன், நெட் 1,800, எல்ஐசி 2,200, தெருவில் ஓர் அம்மா நடத்தும் சீட்டு 5,000, அடகுக்கடை வட்டி 2,400, மொய், விசேஷம் 3,500, மாமியார் செலவு 4,100 (மருந்து 3,300, டாக்டர் 500, கைச்செலவு 300). மாதம் 1,500 துண்டு விழுகிறது. கிரெடிட் கார்டைத் தேய்த்துச் சமாளிக்கிறோம்.

கோவையில் கொழுந்தன் சொந்த வீடு கட்டி வசதியாக இருக்கிறார். அம்மாவுக்கென்று ஒரு பைசா அனுப்பியதில்லை. மாமியாரை ஆறு மாதம் அங்கே அனுப்பினால் செலவு குறையும் என்று தோன்றுகிறது. பேச்சை எடுத்தாலே கணவர் எழுந்து போய்விடுகிறார். தாலுகா ஆபீசில் அலுவலக உதவியாளராக இருந்த மாமனார் இறந்தபின் வரும் குடும்பப் பென்ஷனைத்தான் இதர வருமானம் என்று போட்டிருக்கிறேன். ஏடிஎம் கார்டு எங்களிடம்தான் இருக்கிறது. இவ்வளவு நெருக்கடியிலும் போன மாதம் எதிர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வைக்க 500 ரூபாய் வேண்டும் என்று மாமியார் அடம் பிடித்தார். நான் நினைப்பது தப்பா? எந்தச் செலவைக் குறைப்பது?

— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: உங்கள் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன் அம்மா. கூட்டலில் பிழையில்லை.

மசாலாவை வீட்டிலேயே அரையுங்கள், இரண்டு மாதக் கரண்ட் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு உள்ள மலிவு விலை கைவிட்டுப் போகும் என்றெல்லாம் நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. என் கண் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். ‘இதர வருமானம் 12,200’.

இதர என்றால் என்ன? பழைய பேப்பர் போட்ட காசு, எப்போதோ வரும் போனஸ், யாரோ திருப்பித் தந்த கைமாற்று. மாதம் தவறாமல் ஒருவர் பெயருக்கு அரசாங்கம் போடும் பணம் எப்படி இதரமாகும்? உங்கள் சம்பளத்தைவிட அது 1,200 ரூபாய் அதிகம், கவனித்தீர்களா? உங்கள் வீட்டில் வருமானம் உள்ளவர்கள் மூன்று பேர். முதலில் உங்கள் கணவர், இரண்டாவது உங்கள் மாமியார். நீங்கள் மூன்றாவது.

அந்த இரண்டாவது ஆளுக்கு வரவுப் பக்கத்தில் பெயர் இல்லை. செலவுப் பக்கம் வந்ததும் ‘மாமியார் செலவு’ என்று உறவுமுறை சொல்லி உட்கார வைத்துவிட்டீர்கள். பெட்ரோல் 4,500 பெரும்பாலும் உங்கள் கணவருடையதாகத்தான் இருக்கும். அதற்குக் ‘கணவர் செலவு’ என்று பெயர் வைத்தீர்களா? ஃபீஸும் டியூஷனுமாக 12,000, அது ‘பிள்ளைகள் செலவா’? இல்லை. வீட்டில் ஒரே ஒருவர்தான் ஆளாகவே செலவுக் கணக்கில் ஏறியிருக்கிறார். அவரைக் கோவைக்கு அனுப்பலாமா என்ற யோசனை அந்த ஒரு வரியிலிருந்துதான் பிறந்திருக்கிறது.

சரி, அனுப்பிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பென்ஷன் இங்கே இருக்காது, அவரோடு பஸ் ஏறும். ஆள் அங்கே, பணம் இங்கே என்று மனத்துக்குள் வைத்திருந்தால், அதை நோட்டில் எழுதிப் பாருங்கள், எழுதக் கை வராது. 12,200 போகிறது. அவருக்கென்று நீங்கள் காட்டும் 4,100 மிச்சம். சாப்பாடும் இருக்கிறதே என்பீர்கள். சேர்த்துக்கொள்வோம். மளிகை, காய், பால் மூன்றும் 15,700. ஐந்து பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 3,140. எழுபது வயதுக்காரர் வளரும் பிள்ளைக்குச் சமமாகச் சாப்பிடுகிறார் என்று உங்கள் பக்கம் சாய்ந்தே கணக்குப் போட்டாலும் அவருக்கு ஆகும் செலவு 7,240. அவர் தருவது 12,200. மாதம் 4,960 ரூபாய் உங்கள் குடும்பத்துக்கு அவர் போடுகிறார். அவர் கோவைக்குக் கிளம்பிய மாதமே உங்கள் துண்டு 1,500-லிருந்து 6,460 ஆகும்.

உங்கள் வீட்டுக் கடன் தவணையில் கால் பங்குக்கு மேல் கட்டிக்கொண்டிருப்பவரை, செலவு குறைய வேண்டும் என்று வெளியே அனுப்பப் பார்க்கிறீர்கள். என்ன கணக்கு அம்மா இது?

அந்த 300 ரூபாய்க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது அதுதான். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு மருத்துவப்படி என்று மாதம் தருவதே 300 ரூபாய். அவருடைய 12,200-ஐ எடுத்துக்கொண்டு, அதிலிருந்து 300-ஐ அவர் கையில் கொடுத்து, அதையும் உங்கள் செலவாக எழுதுகிறீர்கள். மொய் 3,500 என்று உங்கள் பேரிலும் கணவர் பேரிலும் எழுதலாம். தன் பணத்தில் 500 கேட்ட கிழவி மட்டும் அடம் பிடிக்கிறாள். மொய் என்பது நம் ஊரில் தானமில்லை, நோட்டுப் போட்டுத் திருப்புகிற கடன். அந்த எதிர் வீட்டுக்காரர்கள் உங்கள் மாமனார் காரியத்துக்கு வந்து நின்றவர்களாக இருக்கலாம், அவர் பிள்ளைகள் கல்யாணத்துக்குச் செய்தவர்களாக இருக்கலாம். வெறுங்கையோடு அந்தப் பந்தியில் உட்கார அவருக்குக் கூசியிருக்கும். கடைசியில் அந்த 500-ஐக் கொடுத்தீர்களா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

என் மாமியாரும் குடும்பப் பென்ஷன் வாங்கியவர்தான். கருவூலம், வங்கி என்று நேரில் போய் வாங்கிய காலம். அன்றைக்குக் காலையில் தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்து நல்ல புடவை எடுத்துக் கட்டிக்கொள்வார். கூட நாங்கள் யாரும் போகக் கூடாது. அவர் வயதில் இன்னும் இரண்டு மூன்று பேர் அங்கே வருவார்கள், அவர்களோடு ஒரு காபி. திரும்பி வரும்போது பேரப்பிள்ளைகளுக்குக் காராசேவும் தேன்மிட்டாயும் சுருக்குப்பை நிறையச் சில்லறையும் இருக்கும். மீதிப் பணத்தை என் கையில்தான் தருவார், ஏறக்குறைய முழுவதையும். ஆனாலும் அவராக எண்ணித் தருவார். “இதை வாடகைக்கு வெச்சுக்க” என்பார். அந்தக் குரலுக்கு வீட்டில் ஒரு கனம் இருந்தது. ஏடிஎம் கார்டு வந்தது வசதிதான், வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கூடவே அந்த ஒரு நாளையும் அது கொண்டுபோய்விட்டது.

கூட்டுக் குடும்பத்தில் பெரியவர்கள் பணம் பிள்ளைகள் குடும்பத்துக்கு ஆகக் கூடாது என்கிற கட்சி இல்லை நான். ஆகட்டும். பெற்றவளுக்கு அதைவிட வேறென்ன சந்தோஷம். ஆனால் கொடுத்த பணம் வேறு, எடுத்த பணம் வேறு. கார்டு ‘எங்களிடம்தான் இருக்கிறது’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எப்போது உங்களிடம் வந்தது? அவராகத் தந்தாரா, “உங்களுக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்” என்று வாங்கி வைத்துக்கொண்டீர்களா? மாதம் எவ்வளவு வருகிறது என்று அவருக்கு இப்போது தெரியுமா? அகவிலைப்படி உயரும்போதெல்லாம் அவருக்கு யாராவது சொல்கிறீர்களா?

உங்கள் கணவர் ஏன் எழுந்து போகிறார் என்பதும் எனக்குப் புரிகிறது. பென்ஷன் பேச்சு வெளிச்சத்துக்கு வந்தால் முதலில் தலைகுனிய வேண்டியவர் அவர்தான். மருமகள் நோட்டில் எழுதுகிறாள், மகன் மெஷினில் எடுக்கிறான். பெற்ற மகன் கேட்காமல் எடுப்பதற்குச் சொல்லும் சமாதானங்களை நான் மதிப்பதில்லை. பெற்றோர் பராமரிப்புக்கென்று 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. சொந்த வருமானத்தில் வாழ முடியாத பெற்றோர் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால், பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை தர உத்தரவிடலாம். உங்கள் மாமியார் அந்தப் படி ஏற மாட்டார், தெரியும். ஏறினால் அங்கே என்ன கேட்பார்கள் என்று மட்டும் யோசியுங்கள். ‘பென்ஷன் வருகிறதே பாட்டி, அது எங்கே?’

கொழுந்தனை நான் விட்டுவிடவில்லை. கோவைக்கும் திருச்சிக்கும் அரை நாள் பயணம்கூட இல்லை. தாயை வந்து பார்க்கவும், மருந்துச் செலவில் தோள் கொடுக்கவும் அவருக்குக் கடமை உண்டு. சும்மா இருப்பது அவர் தப்பு. ஆனால் அவரிடம் நியாயம் கேட்கப் போகும்போது இந்த நோட்டைத்தான் எடுத்துப் போவீர்கள். அவர் முதலில் விரல் வைக்கும் வரி எது என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இத்தனை வருஷமாக அவரிடம் நேராகக் கேட்கவில்லை என்று நான் சொன்னால் மறுப்பீர்களா?

இனி உங்கள் 1,500. அது வேறு இடத்தில் ஒழுகுகிறது. அடகுக்கடையில் மாதம் 2,400 வட்டி. ஒன்றரை வட்டி என்று வைத்தால் அசல் 1,60,000. அதே நகையை வங்கியில் வைத்தால் முக்கால் வட்டியை ஒட்டித்தான் வரும். மாதம் 1,200 அங்கேயே மிச்சம். மீட்கக் கைப்பணம் வேண்டுமே என்றால், இன்னொரு பக்கம் மாதம் 5,000 சீட்டுக் கட்டுகிறீர்களே, கடைசி வரை காத்திருக்காமல் அதை ஏலத்தில் தள்ளி இப்போதே எடுங்கள். கழிவு போனாலும் பரவாயில்லை. ஒன்றரை வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு கடைசிச் சீட்டுக்குக் காத்திருப்பது சேமிப்பு இல்லை. போதாத தொகைக்கு, எல்லா நகையையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மீட்டு வங்கிக்கு மாற்றுங்கள். இன்னொன்று, அந்தச் சீட்டு பதிவு செய்ததா? பதிவில்லாத சீட்டு 1982-ஆம் வருஷச் சட்டப்படியே செல்லாது. தெருவில் நல்ல பேர் உள்ள அம்மா என்பது ரசீது ஆகாது. எடுத்து முடித்ததும் அடுத்த சீட்டில் சேராதீர்கள். கிரெடிட் கார்டை அலமாரியில் பூட்டுங்கள்.

மருந்து 3,300 என்பதும் அதிகம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும்தான் என்றால், 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை தருகிறார்கள். உங்கள் வார்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதியுங்கள். மற்றவற்றை முதல்வர் மருந்தகத்திலோ ஜன் ஔஷதியிலோ விசாரியுங்கள், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுக்கு அவர் பென்ஷனிலிருந்தே பிடித்தம் உண்டு. 2022-ல் புதுப்பித்த திட்டத்தில் அது மாதம் 497 ரூபாய். அந்தக் காப்பீட்டு அட்டை வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து வையுங்கள். இதில் மிச்சமாகும் பணம் உங்கள் துண்டை அடைக்க இல்லை. அது அவருடைய மருந்துப் பணம், அவரிடமே போகட்டும்.

அடுத்த பென்ஷன் வரும் நாளில் அவரை வங்கிக்குக் கூட்டிப் போங்கள், நீங்களே, லீவு போட்டு. பாஸ்புக்கில் வரவு பதிந்து, எத்தனை ரூபாய் என்று படித்துக் காட்டுங்கள். பணத்தை எடுத்து அவர் கையில் கொடுங்கள், கார்டையும் கொடுங்கள். வீட்டுக்கு வந்து நோட்டை அவர் முன்னால் விரித்து, வரவுப் பக்கத்தில் ‘இதர’ என்பதை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதுங்கள். பிறகு, தவணைக்கு இவ்வளவு குறைகிறது அத்தை, நீங்கள் எவ்வளவு தர முடியும் என்று கேளுங்கள். முழுவதையும் தந்துவிடப் பார்ப்பார். வாங்காதீர்கள், 3,000-ஐயாவது அவர் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். வட்டியில் மிச்சமாகும் 1,200-ஐயும் தள்ளுச் சீட்டு முடியும் மாதத்திலிருந்து விடுபடும் 5,000-ஐயும் வைத்து நீங்கள் அதைத் தாங்குவீர்கள். அதுவரை சில மாதம் மொய்யில் கை வையுங்கள். உங்கள் மொய்யில்.

கோவைக்குப் போவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். சின்ன மகனைப் பார்க்க அவருக்கே ஆசை இருக்கும். எப்போது, எத்தனை நாள் என்று கேளுங்கள், என்னிடம் இல்லை, அவரிடம்.