வலது கையில் மூன்று விரல் நுனிகள் இல்லாத ஹோவர்ட் வின்ஸ்டன் எப்படி குத்துச்சண்டையில் உலகச் சாம்பியன் ஆனார்?

இடது கையை வைத்துத்தான்.

வின்ஸ்டன் 1939-ல் வேல்ஸின் மெர்தர் டிட்ஃபிலில் பிறந்தவர். பதின்வயதில் பொம்மைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது நடந்த விபத்தில் விரல் நுனிகள் போயின. நுனிகள் உள்ளங்கையில் மடங்கி அழுந்தினால்தான் முஷ்டி இறுகும். இறுகாத முஷ்டியால் ஓங்கிக் குத்தினால் வலு பாதி சிதறிவிடும், கைக்கும் சேதம். ஆகவே அவர் ஆட்டமே இடது ஜாபில், அதாவது முன்னால் இருக்கும் கையால் விடும் விரைவான நேர்குத்தில் நின்றது. ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டு, மூன்று என்று தொடுப்பார். எதிராளி பதிலடி கொடுப்பதற்குள் கால் நகர்ந்திருக்கும். 1958 கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் தங்கம், 1961-ல் பிரிட்டிஷ் ஃபெதர்வெயிட் பட்டம் (எடை வரம்பு 57 கிலோ சொச்சம்), 1963-ல் ஐரோப்பியப் பட்டம். மேனேஜர் எடி தாமஸும் அதே ஊர்க்காரர், முன்னாள் ஐரோப்பிய வெல்டர்வெயிட் சாம்பியன்.

சிக்கல் அப்போதைய உலகச் சாம்பியன், மெக்சிகோவின் விசென்டே சால்டிவாரிடம் வந்தது. அவர் இடதுகை ஆட்டக்காரர், வலது கையையும் வலது காலையும் முன்னால் வைத்து நிற்பவர். அப்படிப்பட்டவருக்கு எதிராக ஜாப் அவர் முன்னால் நீட்டிய வலது கையில் முட்டிக்கொண்டே இருக்கும். நேராக உள்ளே போகும் அடி வலது நேர்குத்துதான். வின்ஸ்டனிடம் குறைபட்டிருந்ததும் அதே வலது! 1965-ல் லண்டனில் புள்ளிகளில் தோல்வி. 1967 ஜூனில் கார்டிஃப் நினியன் பார்க்கில் 15 ரவுண்டு. பாதி தூரம் வின்ஸ்டன் கைதான் ஓங்கியிருந்தது, பிற்பகுதியில் சால்டிவாரின் உடல் அடிகள் வேலை செய்தன. 14-வது ரவுண்டில் கீழே விழுந்து, நூலிழையில் தோற்றார். என் கணிப்பில் அவரது ஆகச்சிறந்த ஆட்டம் இதுதான், தோற்றிருந்தாலும். அதே ஆண்டு அக்டோபரில் மெக்சிகோ சிட்டியில் 12-வது ரவுண்டில் தாமஸ் துண்டை வீசித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

சால்டிவார் உடனே ஓய்வு அறிவிக்க, பட்டம் காலியானது. 1968 ஜனவரி 23, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஜப்பானின் மிட்சுனோரி செகிக்குக் கண்ணருகே வெட்டு விழுந்து ஒன்பதாவது ரவுண்டில் சண்டை நின்றது, டபிள்யூ.பி.சி. (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) உலகப் பட்டம் வின்ஸ்டனுக்கு. ஆறே மாதம். ஜூலையில் வேல்ஸின் போர்த்கால் ஊரில் ஹோசே லெக்ரா அவரை முதல் ரவுண்டிலேயே கீழே விழவைத்தார், வின்ஸ்டனின் கண் வீங்க, ஐந்தாவதில் சண்டையை நிறுத்தினார்கள். அத்துடன் ஓய்வு, 29 வயதில். 67 சண்டைகளில் 61 வெற்றி.

கார்டிஃப் சண்டையின் பதிவு கிடைத்தால் கைகளை விட்டுவிட்டு முன்கால்களைக் கவனியுங்கள். எதிராளியின் முன்காலுக்கு வெளிப்பக்கம் காலை வைப்பவருக்கே அடிக்கும் வழி திறக்கும்.