லவ் பேர்ட்ஸ் வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்: கேள்வி பதில்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறு கிளியினங்களை வளர்த்து வருபவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் அனுபவத்தில் உறுதிப்பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி (சேலம்): ஐயா, இரண்டு கடைகளில் லவ் பேர்ட்ஸ் விலை கேட்டேன். ஒன்றைவிட மற்றொன்றில் பல மடங்கு அதிகமாகச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: பெரும்பாலும் அவர்கள் இரண்டு வேறு பறவைகளின் விலையைச் சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று காலங்காலமாக அழைக்கப்படுவது பட்ஜெரிகர் என்னும் ஆஸ்திரேலியக் குருவிக்கிளி. வறண்ட உள்நிலப் பகுதிகளில் பெருங்கூட்டமாகத் திரியும் இப்பறவையை 1840இல் ஜான் கூல்ட் உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். வளர்ப்புப் பறவையாக உலகெங்கும் பரவியது அதன் பிறகுதான். நீண்ட வாலும் கழுத்தில் அலையலையான கோடுகளும் கொண்ட இதன் எடை 30 முதல் 40 கிராம் வரை இருக்கும். பறவையியலில் லவ் பேர்ட்ஸ் எனப்படுபவை ஆப்பிரிக்காவையும் மடகாஸ்கரையும் சேர்ந்த அகபோர்னிஸ் பேரினத்தின் ஒன்பது இனங்கள். கடைக்காரர்கள் ‘ஆப்பிரிக்கன்’ என்று சொல்வது இவற்றைத்தான். குட்டை வாலும் பருத்த அலகும் கொண்ட பீச் ஃபேஸ், ஃபிஷர், மாஸ்க் ஆகியவையே இங்கு அதிகம் கிடைக்கின்றன. முதன்முறை வளர்ப்பவருக்கு நான் பட்ஜெரிகரையே பரிந்துரைப்பேன், ஏனெனில் ஆப்பிரிக்கன் பறவையின் குரல் கூர்மையானது, கடியும் பலமானது, அதன் ஆயுளும் பத்து, பதினைந்து ஆண்டுகள் வரை நீளக்கூடியது. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டால் பட்ஜெரிகரின் கால்விரல்கள் கடிபட்டுத் துண்டாகிவிடும் என்பதால், அந்த எண்ணமே வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலி): கடையில் நல்ல பறவையை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆண், பெண் அடையாளம் என்ன?

பதில்: கூண்டை நெருங்காமல், நான்கடி தள்ளி நின்று பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். ஆள் அருகில் வந்தவுடன் நோயுற்ற பறவைகூட உடலை விறைத்துக்கொண்டு நலமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ளும். காட்டில் வேட்டை விலங்குகளிடமிருந்து தப்ப அவற்றுக்கு அமைந்த இயல்பு அது. பகலில் சிறகைச் சிலிர்த்து உருண்டையாக உட்கார்ந்திருப்பது, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, ஆசனவாயைச் சுற்றி எச்சம் ஒட்டியிருப்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பறவையை மட்டுமல்ல, அதே கூண்டிலுள்ள எதையும் வாங்காதீர்கள்.

பட்ஜெரிகரில் அலகுக்கு மேலே மூக்குத்துளைகள் உள்ள சதைப்பகுதி, வளர்ந்த ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்கு வெளிர் நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளை வகைகளில் ஆணுக்கும் அது இளஞ்சிவப்பாகவே நின்றுவிடுவதால், அவற்றில் இந்த அடையாளத்தை நம்ப முடியாது. நெற்றியில் கோடுகள் அலகுவரை இறங்கியிருந்து, கண்ணில் வெள்ளை வளையம் தோன்றாமல் முழுக் கறுப்பாக இருந்தால் அது நான்கு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சு. பழக்குவதற்கு ஏற்றது அதுதான். பீச் ஃபேஸ், ஃபிஷர், மாஸ்க் ஆகிய மூன்றிலும் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், இறகை அனுப்பிச் செய்யும் டி.என்.ஏ. சோதனை ஒன்றே உறுதியான வழி. ‘ஜோடி’ என்று வாங்கியவை எட்டு, பத்து முட்டைகளை ஒரே நேரத்தில் இட்டு, அவற்றில் ஒன்றுகூடப் பொரியவில்லை என்றால், இரண்டும் பெண்ணாக இருக்க வாய்ப்பு மிகுதி.

கேள்வி (சென்னை): அடுக்குமாடியில் வசிக்கிறோம். கூண்டை எங்கே வைப்பது? அளவு என்ன?

பதில்: ஒரு ஜோடி பட்ஜெரிகருக்கு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம் குறைந்தபட்ச அளவு. உயரத்தைவிட நீளமே முக்கியம், ஏனெனில் பறவை குறுக்காகப் பறக்கிறதே தவிர மேலும் கீழும் பறப்பதில்லை. உருண்டையான அலங்காரக் கூண்டு அதற்கு எந்த வகையிலும் உதவாது. கம்பிகளுக்கு இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கூண்டுடன் வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிட்டு, வேம்பு அல்லது கொய்யாக் கிளைகளைக் கழுவி வைத்தால், பருமன் மாறி மாறி இருப்பதால் பாதத்தில் புண் வராது, அலகுக்கும் வேலை கிடைக்கும். பால்கனியில் காலை வெயில் ஒரு மணி நேரம் நல்லது. ஆனால் கூண்டின் பாதியாவது எப்போதும் நிழலில் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் அகன்ற கிண்ணத்தில் குளிக்கத் தண்ணீர் வையுங்கள். இரவில் பருத்தித் துணியால் மூன்று பக்கம் மூடி, பத்து மணி நேரமாவது இருளும் அமைதியும் கொடுங்கள்.

கேள்வி (மதுரை): தினை மட்டும் போதுமா? கிண்ணம் நிறையத் தினை இருந்தும் என் பறவை மெலிந்துகொண்டே போகிறது.

பதில்: உடனே அந்தக் கிண்ணத்தை எடுத்து ஊதிப் பாருங்கள். பறவை தினையை அலகால் உரித்து, பருப்பை விழுங்கி, உமியை அதே கிண்ணத்தில் போடுகிறது. மேலே பார்க்கும்போது நிறைந்திருப்பதாகத் தோன்றுவது வெறும் உமியாக இருக்கலாம். உணவு நிறைந்த கிண்ணத்தின் முன்னாலேயே பறவைகள் பட்டினியால் இறந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன். தினமும் உமியை ஊதிவிட்டுப் புதிய தினை போடுங்கள். ஊதியபின் தினை இருந்தும் பறவை மெலிகிறது என்றால், அது நோயின் அறிகுறி.

தினை மட்டுமே போதாது. அதில் வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து இரண்டுமே குறைவு. கம்பு, சாமை ஆகியவற்றைக் கலப்பதோடு, கொத்தமல்லி, முருங்கைக்கீரை, துருவிய கேரட் ஆகியவற்றை நன்கு கழுவி நாள்தோறும் சிறிதளவு கொடுங்கள். கடல் நுரை எனப்படும் கணவாய் ஓடு ஒரு துண்டு கூண்டில் எப்போதும் தொங்கட்டும். வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ, சாக்லேட், வெங்காயம், உப்பிட்ட தின்பண்டம் ஆகியவை கூடவே கூடாது. முதலிரண்டும் உயிரையே பறிக்கக் கூடியவை.

கேள்வி (ஈரோடு): பானை கட்டினால்தான் முட்டையிடுமா? எத்தனை நாளில் பொரியும்?

பதில்: பட்ஜெரிகர் காட்டில் மரப்பொந்தில் முட்டையிடும் பறவை, மண்பானை அந்தப் பொந்துக்கு மாற்று. நாலைந்து முட்டைகளை ஒன்றுவிட்டு ஒரு நாள் இடும், ஒவ்வொன்றும் சுமார் 18 நாளில் பொரியும், குஞ்சுகள் ஐந்து வாரத்தில் பானையைவிட்டு வெளிவரும். ஆப்பிரிக்கன் முட்டைக்கு மூன்று வாரத்துக்கும் சற்று மேலாகும். பீச் ஃபேஸ் பெண், ஓலையையோ காகிதத்தையோ நீளவாக்கில் கிழித்து முதுகின் பின்புற இறகுகளுக்குள் செருகிக்கொண்டு கூட்டுக்குப் பறக்கும்; ஃபிஷரும் மாஸ்க்கும் அலகில் கவ்விச் செல்லும். ஒருமுறையாவது அருகிருந்து பார்க்க வேண்டிய காட்சி அது.

ஒரு வயது ஆகாத பறவைக்குப் பானை கட்டாதீர்கள். தொடர்ந்து இரண்டு ஈடு முடிந்தவுடன் பானையை எடுத்துவிட வேண்டும், ஏனெனில் ஓய்வின்றி முட்டையிடும் பெண்ணின் உடலில் சுண்ணாம்புச் சத்து தீர்ந்து, முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும் நிலை வரும். பெண் தரையில் குந்தி, கால்களை அகட்டி முக்கிக்கொண்டிருந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் வெதுவெதுப்பான இடத்தில் வைத்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): ஜோடியில் ஒன்று இறந்தால் மற்றதும் ஏக்கத்தில் இறந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. சில நாள் கூப்பிட்டுத் தேடும், உணவு குறையும், பின் தேறிவிடும். அடுத்தடுத்து இரண்டும் இறந்தால், முதலாவதைக் கொன்ற நோயே இரண்டாவதையும் கொன்றது என்று கொள்வதுதான் பொருத்தம். ஆகவே புதிய துணையை உடனே வாங்கி விடாமல், கூண்டைக் கொதிநீரில் கழுவி, மீதமிருக்கும் பறவையை ஒரு மாதம் கவனியுங்கள். புதிதாக வரும் எந்தப் பறவையையும் 30 நாள் வேறு அறையில் வைத்த பிறகே சேர்க்க வேண்டும். தொடக்க காலத்தில் சந்தையில் வாங்கிய மூன்று பறவைகளை நான் அன்றே பெரிய கூண்டில் விட்டேன். அடுத்த சில வாரங்களில் என்னிடமிருந்த பதினோரு பறவைகளில் ஏழு இறந்தன. அந்த ஏழையும் இன்றும் மறக்க முடியவில்லை.

கேள்வி (திருச்சி): பறவை இரண்டு நாளாகச் சிலிர்த்தே உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரில் மருந்துக்கடை ஆன்டிபயாடிக் கலந்து கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நோயுற்ற பறவை தண்ணீரையே குறைவாகக் குடிக்கும்போது மருந்தின் அளவு எப்படிச் சரியாக அமையும்? பறவை வெளியில் தெரியும்படி சோர்ந்துவிட்டது என்றால் நோய் தொடங்கிப் பல நாளாகியிருக்கும். எனவே இன்றே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். போகும்வரை, கூண்டின் ஒரு பக்கம் 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, வேண்டுமானால் விலகிக்கொள்ள மறுபக்கம் இடம் விடுங்கள். சென்னையில் இருப்போர் வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். கூண்டின் அடியில் விரித்த காகிதத்தைப் படம் எடுத்துக் கொண்டு போனால், எச்சத்தின் நிறமும் நீர்த்தன்மையும் மருத்துவருக்கு உதவும். சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைக்கும் வழக்கமும் வேண்டும். 35 கிராம் பறவைக்கு 4 கிராம் குறைவு என்பது பெரிய இழப்பு.

கேள்வி (காரைக்குடி): வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம். கொசுவத்தியும் உண்டு. கூண்டு கூடத்தில் இருக்கிறது. வீட்டில் மூச்சிரைப்பு உள்ள மாமியாரும் இருக்கிறார்.

பதில்: அம்மா, பறவையின் உடலில் நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்து இயங்குவதால், காற்றிலுள்ள நஞ்சு நம்மைவிட மிக விரைவாக அதைத் தாக்குகிறது. நான்-ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடாகி வரும் புகை சில நிமிடங்களில் கொன்றுவிடும். புகை போடும் நேரத்தில் கூண்டை வேறு அறைக்கு மாற்றுங்கள்; கொசுவத்திக்குப் பதில் கூண்டின்மேல் கொசுவலை போடுங்கள். உங்கள் மாமியாரை எண்ணினால் கூண்டு கூடத்தில் இருப்பதே சரியில்லை, ஏனெனில் இறகுத் தூசும் காய்ந்த எச்சமும் மூச்சிரைப்பைக் கூட்டும். கிளியினங்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய, பாக்டீரியாவால் வரும் காய்ச்சலும் உண்டு. வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தெரிந்தால் குணப்படுத்தக் கூடியதே.

கேள்வி (கடலூர்): இவற்றை வளர்க்க அனுமதி வேண்டுமா? பச்சைக்கிளி வளர்க்கலாமா?

பதில்: பட்ஜெரிகருக்கும் பீச் ஃபேஸுக்கும் பதிவு தேவையில்லை. ஃபிஷர், மாஸ்க் போன்றவை பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலான சைட்டிஸில் இருப்பதால், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் அதற்கான ஆவணத்தைக் கேளுங்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தெருவில் சாயம் பூசி விற்கப்படும் சில்லைக் குருவிகளையும் இரக்கப்பட்டுக்கூட வாங்காதீர்கள், வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ஈடாக வயலில் இன்னொன்று வலையில் விழுகிறது.

கேள்வி (விழுப்புரம்): வெளிநாடு செல்கிறோம். கூண்டைத் திறந்து விட்டுவிடுவது புண்ணியம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதில்: கூண்டிலேயே பிறந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது, காகத்தையும் வல்லூறையும் அறியாது, திறந்துவிட்டால் ஓரிரு நாள் தாண்டுவதே அரிது. உங்கள் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே, ஏற்கெனவே பறவை வளர்க்கும் ஒருவரைத் தேடி, கூண்டு, கிண்ணம், தினை, எடைக் குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒப்படையுங்கள். பழகிய கூண்டும் பழகிய கிண்ணமும் உடன் போனால், புது வீட்டில் அன்றே உண்ணத் தொடங்கிவிடும்.