பழைய சாகசங்களை எடைபோடுவது எப்படி?

கேள்வி: கதாபாத்திரங்களாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் தொடக்க காலச் சாகசங்களில் (ஆடுவதற்கென அச்சிட்ட கதைத்திட்டங்களில்) 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' தலைசிறந்தது என்கிறார்கள் சிலர், ஆட்டக்காரர்களைக் கண்மூடித்தனமாகக் கொல்லும் மோசமான வடிவமைப்பு என்கிறார்கள் வேறு சிலர். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: எத்தனை கதாபாத்திரங்கள் மாண்டன என்று எண்ணுவதால் பயனில்லை. ஆபத்து நெருங்குமுன் அதை ஊகிக்க ஆட்டக்காரருக்குத் தடயம் கிடைத்ததா, கிடைத்திருந்தால் அவர் வேறு வழியில் நடந்திருக்க முடியுமா என்றே நான் பார்ப்பேன்.

இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1975-இல் ஒரு போட்டிக்காக உருவாக்கி, 1978-இல் அச்சில் வெளிவந்த 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' சாகசத்தில், ஆட்டக்காரர்கள் புகும் கல்லறையின் நுழைவு நடைக் கோடியில் பச்சைப் பேய்முகம் ஒன்று வாய் பிளந்து நிற்கிறது. அந்த இருட்டுக்குள் புகுந்தவர் சுவடின்றி அழிவார். கொடூரம்தான். ஆனால், பச்சையை இயன்றவரை விலக்கச் சொல்லும் புதிர் வரிகள் அதே நடையின் தரையிலேயே இருப்பதால், குனிந்து படித்தவர் பிழைக்கிறார். அதே கல்லறையில் இன்னோரிடத்தில் மயக்கப் புகை எல்லோரையும் உறங்க வைக்கிறது. உறங்குபவர்கள்மேல் பெரிய கல்லுருளை ஏறுமா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. அங்கே ஆட்டக்காரருக்கு வேலையே இல்லை. அதைத்தான் நான் குறை என்பேன்.

ஒரு கோட்டையையும் அரக்கர்கள் வாழும் குகைகளையும் களமாகக் கொண்டு கைகாக்ஸே எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' இந்த அளவுகோலில் உயர்ந்து நிற்கிறது. தாக்கப்பட்டால் கோப்ளின்கள் என்னும் குட்டி அரக்கர்கள் பக்கத்துக் குகையில் இருக்கும் ஒகர் என்னும் பெரிய அரக்கனுக்குப் பணமூட்டையை எறிந்து துணைக்கு அழைப்பார்கள். அந்த ஒகரை ஆட்டக்காரர்களும் காசு கொடுத்துத் தம் பக்கம் இழுக்கலாம். கோட்டையில் வாழ்பவர்களுக்குப் பெயர்கூட வைக்காமல் விட்டதுதான் ஆட்டத்தை நடத்துபவருக்குச் சுமை. (நடுவில் பெயரைத் தேடித் திணறியவருக்கே அந்த வலி தெரியும்.)

1983-இல் வந்த 'ரேவன்லாஃப்ட்' சாகசத்தில் முக்கியப் பொருள்கள் எங்கே உள்ளன, வில்லன் எதை நாடுகிறான் என்பவற்றைச் சீட்டுகளே தீர்மானிப்பதால், அதே கோட்டையில் இரண்டாம் முறை ஆடினாலும் அலுப்பதில்லை.

ஆகவே, நீங்கள் சொன்ன இரு தரப்பும் ஒரே நூலின் வெவ்வேறு அறைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். நானாக இருந்தால் மயக்கப் புகையை நீக்கிவிட்டு, பேய்முகத்தை அப்படியே வைத்து ஆட்டத்தை நடத்துவேன்.