மைத்ரி தியானத்தில் அழுகை வருகிறது, தொடரலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அம்மா காலமான பிறகு வீட்டுப் பங்கு விஷயத்தில் தம்பியுடன் பேச்சு நின்றுவிட்டது. தூக்கமின்மையும் மனச்சோர்வும் இருந்ததால், மனநல மருத்துவர் சொன்னபடி நான்கு மாதங்களாக எஸ்சிடலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறேன், இப்போது பரவாயில்லை. தோழி ஒருவர், தனக்கும் பிறருக்கும் நலம் வேண்டும் மைத்ரி தியானம் கற்றுக்கொடுத்தார். ‘நான் நலமாக இருப்பேனாக’ என்று தொடங்கும்போதே தொண்டை அடைத்து அழுகை வருகிறது. அம்மாவை நினைத்தால் அது இன்னும் கூடுகிறது. தம்பியை நினைத்தாலோ படபடப்பும் கோபமும்தான் மிஞ்சுகின்றன. இந்தத் தியானம் எனக்குக் கெடுதலா? பழகிவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மனச்சோர்வு தணிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது அதே அளவில் மருந்தைத் தொடர்வதுதான் வழக்கமான நடைமுறை. இடையில் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தூக்கக் கேடு ஆகியவை சில நாட்களிலேயே தலைகாட்டக்கூடும். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்யட்டும். மாத்திரையும் தியானமும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

இனி தியானத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பயிற்சியில் தவறு இல்லை, நீங்கள் அதை எடுத்துக்கொண்ட வரிசைதான் உங்களுக்குப் பொருந்தவில்லை என்று தோன்றுகிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்து மகாவிகாரை மடத்தில் தங்கிப் பௌத்த அறிஞர் புத்தகோசர் எழுதிய ‘விசுத்திமக்கம்’ என்ற பாளி நூல் இந்தப் பயிற்சியைப் படிப்படியாக விவரிக்கிறது. பகைவரை வைத்துத் தொடங்கினால் கோபம்தான் கிளம்பும், பிடிக்காதவரைப் பிரியமானவர் இடத்தில் வைத்துப் பார்க்க முயன்றால் மனம் களைத்துப்போகும் என்று அது எச்சரிக்கிறது. இறந்தவரை நினைத்தும் இதைச் செய்ய வேண்டாம் என்கிறது. தன் குருவை எண்ணி மைத்ரி பழகிய ஓர் இளம் துறவிக்கு மனம் கூடவே இல்லையாம். விசாரித்தபோதுதான் அந்தக் குரு காலமாகிவிட்டது தெரிந்ததாம். நீங்கள் அம்மாவையும் தம்பியையும் அடுத்தடுத்து எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு சொல்லப்பட்ட இரண்டு இடர்களும் உங்களுக்கு ஒரே வாரத்தில் நேர்ந்திருக்கின்றன.

அதே நூல் ‘முதலில் தன்னிடமிருந்து தொடங்கு’ என்கிறது. இந்த ஒரு இடத்தில் மட்டும், என்னிடம் வருபவர்கள் பலருக்கு நான் வரிசையை மாற்றித் தருவதுண்டு. பிறருக்குச் செய்தே பழகியவர்களுக்கு, குறிப்பாக நம் வீட்டுப் பெண்களுக்கு, தனக்கென்று ஒரு நல்லது வேண்டிக்கொள்வது கூச்சமாகவும் சில சமயம் குற்ற உணர்வாகவும் இருக்கிறது. அதுவரை அடக்கி வைத்த துக்கம் அந்தக் கணத்தில் வெளியே வருகிறது. அம்மாவை இழந்து அதிக காலம் ஆகாத உங்களுக்கு அழுகை வருவது இயல்பே. அழுது முடித்ததும் மனம் சற்று இலேசானால் கவலைப்பட வேண்டியதில்லை. அன்று முழுவதும் அதே கனத்தோடு நடமாட நேர்ந்தால் பயிற்சியின் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நினைத்த மாத்திரத்தில் முகத்தில் சிரிப்பு வரக்கூடிய, உயிரோடிருக்கும் ஒருவரிடமிருந்து தொடங்குங்கள். உங்கள் வகுப்பில் ஒரு குழந்தை அப்படி நிச்சயம் இருக்கும். நாற்காலியில் சாதாரணமாக உட்கார்ந்தால் போதும், சம்மணம் கட்டாயமில்லை. பத்து நிமிடம் தாராளம். சொற்களையும் மாற்றிக்கொள்ளுங்கள். ‘இருப்பேனாக’ என்பது மொழிபெயர்த்த வாடையோடு நாக்கில் ஒட்டாமல் நிற்கிறது. காலில் விழுந்து எழும் பிள்ளையின் தலையில் கை வைத்து நம் பாட்டிமார் ‘நல்லா இரு’ என்பார்களே, அதுவே மைத்ரி. அந்தக் குழந்தையை மனதில் நிறுத்தி, மூச்சு வெளியே போகும்போது ‘நல்லா இரு, பயமில்லாம இரு’ என்று மெல்லச் சொல்லுங்கள். சில நாள் கழித்து, அதே கை உங்கள் தலையிலும் இருப்பதாக நினைத்துக்கொண்டு உங்களுக்கும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அடுத்த படி, விருப்போ வெறுப்போ இல்லாத ஒருவர். எனக்கு இது எங்கள் தெருவில் பால் போடுபவராக அமைந்தது. விடியலில் கேட்டில் பை உரசும் சத்தம் மட்டும்தான் எனக்குத் தெரியும். பல ஆண்டுகளாகியும் அவர் முகம் நினைவில் இல்லை என்பதே, அவரை நினைத்து ‘நல்லா இருங்க’ என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

பலன் உடனே தெரியாது. உளவியலாளர் பார்பரா பிரெட்ரிக்சனும் அவர் குழுவினரும் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் 139 ஊழியர்களிடம் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பயிற்சியை ஏழு வாரம் செய்தவர்களிடம் மகிழ்ச்சி, நன்றி போன்ற உணர்வுகள் நாளடைவில் கூடின. முதல் ஒன்றிரண்டு வாரங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயால் பாதிக்கப்பட்ட 184 முன்னாள் அமெரிக்கப் படையினரிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், குழுவாகச் செய்த மைத்ரி தியானம் அங்கீகரிக்கப்பட்ட ஒரு பேச்சு சிகிச்சைக்குக் குறைவில்லாத பலனைத் தந்தது. ஆனால் அது தேர்ந்த பயிற்சியாளர்கள் பன்னிரண்டு வாரம் நடத்தியது. கைப்பேசியில் வரும் குரல் பதிவை அதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தம்பியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சில மாதங்கள் கழித்து முயன்றாலும் கோபம் தலைதூக்கிய உடனே அந்தக் குழந்தையிடம் திரும்பிவிடுங்கள். பழைய நூலும் இப்படித் திரும்பத்தான் சொல்கிறது. அவர் நன்றாக இருக்கட்டும் என்று நினைப்பதால் உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஆகிவிடாது. பத்திரம், வழக்கறிஞர், பங்கு ஆகியவை அவற்றின் வழியில் நடக்கட்டும். மன்னித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இந்தப் பயிற்சியில் எங்கும் இல்லை.

படபடப்பைப் பற்றி ஒரு சொல். அது தியானத்தின்போது மட்டும் வருகிறதா, சும்மா இருக்கும்போதும் வருகிறதா என்று கவனியுங்கள். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கப்போகும் காலத்து மாற்றங்கள், தைராய்டு கோளாறு, இரத்தசோகை ஆகிய மூன்றும் படபடப்பையும் தூக்கமின்மையையும் தரக்கூடும். சமீபத்தில் பரிசோதிக்கவில்லை என்றால் டிஎஸ்ஹெச் (தைராய்டு இரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்து, முடிவுகளை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். தியானம் செய்வதையும் அவரிடம் சொல்லுங்கள். கண்ணை மூடினாலே பழைய காட்சிகள் விடாமல் வந்தாலோ, தூக்கம் மறுபடி கெட்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அவரை முன்கூட்டியே பாருங்கள். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.