முட்டி மாற்று ஆபரேஷனுக்கு ‘வலியில்லா பேக்கேஜ்’ வாங்க வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, பல வருடமாகச் சர்க்கரை. அடுத்த வாரம் வலது முட்டி மாற்று ஆபரேஷன். கட்டணத்துக்கு மேல் ‘வலியில்லா பேக்கேஜ்’ என்று தனியாக ஒரு தொகை கேட்கிறார்கள். வெளிநாட்டு மரப்பு ஊசியாம், மூன்று நாள் வலியே தெரியாதாம். எங்களை அந்த மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவரும் வாங்கச் சொல்கிறார். ஆனால் இப்படி ஊசி போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா முதல் நாள் சிரித்துப் பேசிவிட்டு அன்று நள்ளிரவே கதறிவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்: அந்த அக்காவுக்கு நடந்ததைப் புரிந்துகொண்டால் முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும். முதுகில் போடும் ஊசி சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அப்புறமும் வலி தெரியாமல் வைத்தது தொடை நரம்பை ஒட்டி மயக்க மருந்து மருத்துவர் போட்ட மரப்பு ஊசியும், மூட்டைச் சுற்றி சர்ஜன் செலுத்திய மருந்தும். அந்த மரப்பு மருந்து பெரும்பாலும் புபிவகைன் அல்லது ரோபிவகைன்தான். ஒரு தடவை போட்டால் அரை நாள், நன்றாகப் பிடித்தால் ஒரு நாள், அவ்வளவுதான் அதன் ஆயுள். அது விடும்போது வலி மெல்ல எட்டிப்பார்க்காது, மொத்தமாக வந்து விழும், காலையில் ஆபரேஷன் என்றால் அது பல சமயம் நடுராத்திரியாக இருக்கும். ‘வலிதான் இல்லையே, எதற்கு மாத்திரை’ என்று இருந்தவர் அப்போது நர்ஸைக் கூப்பிட, நர்ஸ் டியூட்டி டாக்டரைத் தேட, மருந்துச் சீட்டோடு நீங்கள் கீழே ஃபார்மசிக்கு ஓட, அதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும்.

அதனால் கால் மரத்திருக்கும்போதே மாத்திரை தொடங்கியாக வேண்டும். பாராசிட்டமால் வலித்தால் மட்டும் போடுவதல்ல, எழுதிக்கொடுத்த மணிக்கு மணி போடுவது. அதைவிட வீரியமான மாத்திரை ஒன்று ‘தேவைப்பட்டால்’ என்று சீட்டில் முன்கூட்டியே இருக்கட்டும்.

இப்போது பேக்கேஜ். 2017-இல் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்சவரம்பு விலை வைத்தது. அங்கே கைவைக்க முடியாததால் பில் வேறு இடங்களில் வீங்குகிறது என்பது என் கணிப்பு. புபிவகைன் நம் நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது, அதற்கும் விலைக் கட்டுப்பாடு உண்டு. போடுகிறவரின் திறமைக்கும், நரம்பைப் பார்த்துப் போட உதவும் ஸ்கேன் கருவிக்கும் பணம் வாங்கட்டும், தப்பில்லை. ஆனால் வலியைக் குறைப்பது ஆபரேஷனின் ஒரு பகுதி. ஏசி ரூம் மாதிரி விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் வசதியா அது? ‘வெளிநாட்டு ஊசி’ என்பது கொழுப்பு உறைக்குள் அடைத்த புபிவகைனாக இருந்தால், முட்டி மாற்று நோயாளிகளிடம் பிரிட்டனில் அதைச் சோதித்தார்கள். 2022-இல் வந்த முடிவின்படி சாதா புபிவகைனைவிடப் பெரிய பலன் ஒன்றும் இல்லை. மூன்று நாளைக்கு வலியே இருக்காது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கூட்டிப்போனவர் சொன்னாரே, அவருக்கு இதில் எவ்வளவு கமிஷன் என்று ஒருமுறை நேராகக் கேட்டுப்பாருங்கள். மருத்துவம் படிக்காத ஒருவர் எந்த ஊசி என்று முடிவு செய்கிறார், மயக்க மருந்து மருத்துவரோ நோயாளியை ஆபரேஷன் டேபிளில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். நம் ஊர் நிலைமை பல இடங்களில் இதுதான்.

உங்கள் அம்மா விஷயத்தில் எனக்கு உண்மையான கவலை வேறு. பல வருடச் சர்க்கரை என்கிறீர்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது? சர்ஜன் மூட்டுக்குள் போடும் கலவையில் மரப்பு மருந்து மட்டும் இருப்பதில்லை, பல இடங்களில் கீட்டோரோலாக் சேர்ப்பார்கள். அது டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் என்ற வலி மாத்திரைகளின் உறவுக்காரன்தான், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வகை. ‘முட்டிக்குள் போடுவதுதானே, உடம்புக்குப் போகாது’ என்று நினைக்காதீர்கள், ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குத்தான் போகும். அதற்கு மேல் வார்டில் ஒரு ஊசி, டிஸ்சார்ஜில் ஒரு மாத்திரை, வீட்டுக்கு வந்தபின் மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்கியது ஒன்று என்று ஒரே வகை மருந்து மூன்று பெயரில் ஏறும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் கூடுதலாக இருந்தால் அம்மாவுக்கு இந்த வகையே வேண்டாம் என்று சர்ஜனிடமும் மயக்க மருந்து மருத்துவரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒருவரிடம் சொன்னது இன்னொருவருக்குப் போய்ச் சேரும் என்று நம்பி இருக்காதீர்கள். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுத வையுங்கள்.

மரப்பு இருக்கும்வரை துணையில்லாமல் பாத்ரூம் போக விடக்கூடாது. கால் வலிக்காததால் பலம் இருக்கிறது என்று தோன்றும், தொடை மடங்கிவிடும். முட்டியின் பின்பக்கம் மட்டும் வலித்தால் ஊசி தோற்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம், அந்தப் பக்கத்துக்குப் போவது வேறு நரம்பு. பிசியோதெரபிக்கு ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை கொடுத்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் பேக்கேஜில் இருக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரும் விலையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் சேர்த்துக்கொள்ளாதீர்கள். சாதா மரப்பு ஊசி போடுவீர்களா என்று மட்டும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், புரோக்கர் பக்கத்தில் இல்லாதபோது.